ஒன்றரைப் பேர்

மீனம்மாவின் வலது தோள் வெள்ளிக்கிழமையே இறங்கிவிட்டது. அதே தோளோடு சனிக்கிழமை தேயிலைக் கொழுந்து எடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை பீலித் தண்ணீரில் துணி அடித்தாள். திங்கட்கிழமை வெசாக் போயா, பௌர்ணமி, தோட்டத்துக்கு லீவு என்று தெரிந்ததும் தோள் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கை தலைக்கு மேல் எழும்பவில்லை. கொண்டையைக்கூட மகள்தான் போட்டுவிட்டாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து தோளில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எவன் செத்தாலும் எழும்புவதில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த ஃபோன் அடித்தது.

அது அவளுடைய ஃபோன் இல்லை. நாலு பேருக்குப் பொதுவான பழைய பட்டன் ஃபோன். ஹட்டன் மனநலக் கிளினிக்கில் வேலை செய்யும் சிவதர்சினி மிஸ் வாங்கிக் கொடுத்தது. கிளினிக் சாத்தியிருக்கும் நேரத்தில், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் ஞாயிறு, போயா நாட்களிலும், மனம் கலங்கினவர்கள் பக்கத்தில் போய் உட்கார ஆள் வேண்டும் என்று மிஸ் ஒரு துணைக் குழு உண்டாக்கினாள். வைத்தியம் பார்க்க அல்ல, உட்கார. மூன்று சனிக்கிழமை ஹட்டனில் வகுப்பு நடந்தது. இந்தத் தோட்டத்திலிருந்து எட்டுப் பேர் போனார்கள். வகுப்பு முடிந்து சோற்றுப் பார்சல் நின்றதும் நாலு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் நாலு பேரும் அந்த ஃபோனை முறை வைத்துச் சுமந்தார்கள். ஃபோன் யார் கையிலோ அவர்தான் அன்றைக்குத் துணை. சம்பளம் கிடையாது. தோட்டத்துச் சனம் அவர்களுக்குப் பைத்தியப் பெரட்டு என்று பேர் வைத்திருந்தது.

"அக்கா, நான் நாகலெட்சுமி பேசுறேன். கவ்வாத்து மாயாண்டி வீட்டுக்காரி."

"சொல்லு நாகு."

"அவரு பிள்ளைக் காம்பராவுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாருக்கா. கவ்வாத்துக் கத்தி கையில இருக்கு. எங்க அண்ணன் கயித்தோட ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிது. சனிக்கிழமையிலருந்து சோறு திங்கல. நேத்துலருந்து தண்ணியும் இல்ல. பேர வெட்டிட்டாங்க, பேர வெட்டிட்டாங்கன்னு அதையேதான் சொல்றாரு."

உப்பு முடிச்சு மடியில் விழுந்தது.

அந்தப் பேச்சை மீனம்மா ஏற்கெனவே கேட்டிருந்தாள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர்களைக் கூப்பிடுவார். வந்து நின்றவனுக்கு செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். பாதி நாள் வேலைக்கு அரைப் பேர். பிந்தி வந்தவனுக்குப் பேர் வெட்டு. பேரை வெட்டிட்டான் என்று யாராவது ஒருவர் கங்காணியின் ஏழு தலைமுறையையும் இழுக்காமல் ஒரு வாரம் கழிவதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுவைக்குக் கூடையோடு வரிசையில் நின்றபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி பக்கத்தில் வந்து நின்றான். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன. "அக்கா, ஒரு அரமணி நேரம் இருக்குமா ஒங்களுக்கு? நேத்து எம்பேர வெட்டிட்டாங்க" என்றான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "அட போப்பா. ஒம்மச்சான்தானே கங்காணி? வீட்டுல சண்டயப் போட்டு ஏத்திக்க. எனக்கு நிறுவைக்கு நேரமாச்சு" என்று சொல்லி முன்னால் நகர்ந்தாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரித்தானா என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு ஃபோன் முறை அவளுடையதும் இல்லை.

மகளிடம் சேலைத் தலைப்பைச் செருகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தனியாகப் போகக் கூடாது என்பது மிஸ் போட்ட முதல் சட்டம். பொய் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது. கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. முதல் சட்டத்துக்காக அடுத்த லயத்து வீட்டுப் பிரதாப்பைக் கூப்பிட்டாள். அவனும் துணைக் குழுவில் ஒருவன். ஆட்டோவைக் கழுவி, முன்கண்ணாடியில் வெசாக் கூடு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, டவுன்ல ஐஸ்கிரீம் தன்சலாம், சும்மா குடுக்கிறாங்களாம். பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போலாம்னு பாத்தேன்."

"அப்பறம் நக்கலாம். வா. மாயாண்டி கத்தியோட பிள்ளைக் காம்பராவுல இருக்கான்."

பிரதாப் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் ஆட்டோவைக் கிளப்பினான்.

தாய்மார் கொழுந்து மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம்தான் பிள்ளைக் காம்பரா. லீவானதால் உள்ளே குழந்தைகள் இல்லை. தகரக் கூரை. வெளிச்சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தார்கள். யானையின் தும்பிக்கை மழையில் கரைந்துவிட்டது. அதன் முன்னால் கந்தப்பன் கங்காணி நின்றார். கையில் மாட்டுக் கயிறு சுருளாக இருந்தது. கூட நாலு ஆண்கள். கொஞ்சம் தள்ளி நாகலெட்சுமி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கந்தப்பன் அவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன், மாயாண்டிக்கு மச்சான்.

"வந்துட்டாங்கய்யா பைத்தியப் பெரட்டு" என்றார் கந்தப்பன். "மீனம்மா, நீ கொழுந்து எடுக்கிறவ. கொழுந்தப் பாரு. இது ஆம்பளைங்க வேல."

"எத்தன ஆம்பளைங்க?"

"அஞ்சு பேரு இருக்கோம். தெரியல?"

"தெரியுது. கத்தி ஒண்ணுதான். மொதல்ல உள்ள போற ஆம்பள யாரு?"

நாலு பேரும் கங்காணியைப் பார்த்தார்கள். ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொந்தக்காரருதான் மொதல்ல போவணும். அதான் மொற" என்றான்.

கந்தப்பன் அவனை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன தடவயும் கட்டித்தானே கொண்டு போனோம்? தெளியலையா?"

போன தடவை இரண்டு வருடத்துக்கு முன்னால். அப்போது துணைக் குழு இல்லை. மாயாண்டியைக் கட்டி லொறியில் போட்டு முதலில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு கோடாங்கிக்காரரிடம் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று நாள் கழிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. மாத்திரையில் தெளிந்தான், கவ்வாத்துக்குத் திரும்பினான், தோட்டம் மறந்துவிட்டது. அவன் மட்டும் வெயில் காலத்திலும் நீளக்கைச் சட்டைதான் போட்டான். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடம் வெள்ளையாக நின்றது. நாலு மாதமாக மாத்திரையும் எடுக்கவில்லை என்று நாகலெட்சுமி இப்போதுதான் சொன்னாள். கிளினிக்குக்குப் போகிற நாளில் பேர் விழாது. அதுதான் காரணம்.

கட்ட வந்தால் அவன் கத்தியை வீசுவான். யார் மேலாவது படும், அல்லது அவன் மேலேயே படும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க கங்காணியாரே. அவன் நடந்து வருவான்."

"பன்னெண்டு வரைக்கும். அதுக்கு மேல நிக்க மாட்டேன். தகரத்தப் பிரிச்சாவது எறங்குவோம்."

மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

மீனம்மா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். பலகை ஜன்னல், ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க மாயாண்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கத்தி மடியில் கிடந்தது.

"மாயாண்டி, நான் மீனம்மா. உள்ள வரல. இங்கனதான் ஒக்கார்றேன். தோள் வலி, மெதுவாத்தான் ஒக்கார முடியும். பொறு."

அவள் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். பிறகு உள்ளேயிருந்து, "இன்னிக்கி நிறுவை இல்லையாக்கா?" என்று கேட்டான்.

கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது.

"இல்ல. இன்னிக்கி போயா."

"ம்."

"என்னா நடந்துச்சுன்னு சொல்லு. கேக்கிறேன்."

"கேட்டு?"

"கேட்டு ஒண்ணுமில்ல. கேக்கிறேன், அவ்வளவுதான்."

நாற்காலி கிரீச்சிட்டது. அவன் பேசத் தொடங்கினான். மேட்டில் விறகு வெட்டும் கோடரிச் சத்தம் வந்தால் நிறுத்தினான். அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"ராவுல பெரட்டு நடக்குதுக்கா. மேமலையில. கூப்புடுறவரு மொகந்தெரியல. சத்தம் மட்டும் சுத்தமாக் கேக்குது. ஒங்க பேரக் கூப்புடுறாங்க. நாகு பேரு. எம்பிள்ளைங்க ரெண்டு பேரு. எல்லாம் ஆசர் சொல்றீங்க. எம்பேரு வந்ததும் பேனாவால ஒரு கோடு. சர்ருன்னு. அந்தச் சத்தம் இருக்கே, அத நான் காதால கேட்டேன். ஒரு நாளு வெட்டு இல்லக்கா. மொத்தமா. வெட்டின பேருக்குச் சோறு போடுவாங்களா? தண்ணி குடுப்பாங்களா? பிள்ளைங்க பங்க நான் திங்கிறது பாவம்."

மீனம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது.  வெள்ளிக்கிழமை அவன் கூலியைச் சொல்லவே இல்லை. உயிரைச் சொன்னான். தோட்டத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தது. அவள் தனக்குப் பழக்கமானதை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பேச்சைச் சுவரோரமாக நின்று இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். கந்தப்பன் விறுவிறுவென்று தன் காம்பராவுக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது தலையில் பெரட்டுக்குப் போடும் தொப்பி, கக்கத்தில் நீளமான செக்ரோல் புத்தகம், காதில் பேனா. ஜன்னலுக்கு நேராக நின்று, விடியற்காலைப் பனியில் நூறு பேருக்குக் கேட்கக் கத்தும் அதே குரலில் கத்தினார்.

"மாயாண்டி!"

உள்ளே நாற்காலி விழுந்தது. ஜன்னல் முழுவதும் திறந்தது. மூன்று நாள் தாடியும் வெடித்த உதடுமாக மாயாண்டியின் முகம் வெளியே வந்தது. பொய் சொல்லக் கூடாது என்ற சட்டம் மீனம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. என்றாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஒரு வாய் தண்ணீரை உள்ளே இறக்கும் பொய் பொய்யில்லை என்று அந்த நிமிடத்தில் நினைத்தாள்.

"மாயாண்டி, கவ்வாத்து, ஒரு பேரு! பாத்துக்க, எழுதிட்டேன். பேரு விழுந்துருச்சு. வெளிய வா மாப்புள."

மாயாண்டி புத்தகத்தைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான்.

"மச்சான், இன்னிக்கி என்னா நாளு?"

"திங்கக்கெழம. வெசாக்கு."

"போயாவுல வேல செஞ்சா எத்தன பேரு?"

 பின்னால் நின்ற நாலு பேரில் ஒருவன், கேட்டதும் சொல்லிவிடும் பழக்கத்தில், "ஒண்ணர" என்றான்.

"ஒண்ணர" என்றான் மாயாண்டி. "உசுரோட இருக்கிறவனுக்குப் போயாவுல ஒண்ணரப் பேரு. எனக்கு ஒண்ணு. செத்தவந்தானே, எதையாச்சும் கிறுக்கிக் காட்டலாம்னு வந்திருக்கீங்க."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு சிமெந்துத் தரையில் இரும்பு உரசும் சத்தம். நாகலெட்சுமி வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"பொய் சொல்றப்பக்கூட அரப் பேர வெட்டுறாரு பாரு கங்காணி" என்று பிரதாப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

மணி பதினொன்றரை. ஆண்கள் கயிற்றை விரிக்கத் தொடங்கினார்கள். மீனம்மா ஃபோனை எடுத்து மிஸ்ஸுக்கு அடித்தாள். மிஸ் லீவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கோ மீனம்மா அக்கா."

மீனம்மா சொன்னாள். கங்காணியின் பொய்யையும், தான் அதற்கு வாய்மூடி நின்றதையும் சேர்த்துச் சொன்னாள்.

"சரி, அது நடந்திட்டுது. இனி அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு வாதாடாதேங்கோ. செத்திட்டார் எண்டும் ஒத்துக்கொள்ளாதேங்கோ. அவருக்கு இப்ப எதிலை பயம் எண்டு பாருங்கோ. முதல்லை அதை அங்கையிருந்து அகற்றுங்கோ. தண்ணி உள்ளை போகோணும் அக்கா, அதுதான் அவசரம். நான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அடிச்சுச் சொல்லுறன். கிளினிக் திறக்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது, இண்டைக்கே கொண்டு போங்கோ."

எதில் பயம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஐந்து பேர் கையில் நீளமாகக் கிடந்தது.

"கங்காணியாரே, கயித்தக் குடுங்க."

"வெளயாடுறியா? இப்பத்தான் கத்தியத் தீட்டுறான்."

"கயித்துக்குத்தான் தீட்டுறான். வியாழக்கெழம அவன் பேர வெட்டினது யாரு?"

கந்தப்பன் குரலை உயர்த்தினார். "பத்து நிமிசம் பிந்தி வந்தான். எல்லாருக்கும் வெட்டுற மாதிரிதான் வெட்டுனேன். மாப்புளன்னு விட்டா மறுநாளு பெரட்டு நடத்த முடியுமா? நாக்கப் புடுங்குற மாதிரிக் கேக்க மாட்டீங்க நீங்க?"

"கேப்போம். நீங்க வெட்டுனது ஒரு நாளு. அவன் காதுல விழுந்தது வேற. மறுநாளு எங்கிட்ட வந்து சொன்னான், நானும் கூலின்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். நீங்க மட்டுமில்ல."

கந்தப்பன் தொப்பியைக் கழற்றினார். தலை வியர்த்திருந்தது. கயிற்றைச் சுருட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே நீட்டினார். மீனம்மாவால் கையைத் தூக்கி வாங்க முடியவில்லை. ஒன்றரை என்று சொன்ன அதே ஆளைக் கூப்பிட்டாள்.

"இதத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு ரோட்டோட மேல போ. திருப்பம் தாண்டினதுக்கு அப்பறந்தான் எறக்கணும். திரும்பி வராத."

அவன் போனான். மீனம்மா ஜன்னலைத் தட்டினாள்.

"மாயாண்டி, கயிறு போவுது. நான் சொல்றத நம்ப வேணாம். நீயே பாரு."

 பிறகு பலகை ஒரு விரல் அளவுக்கு விலகியது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் அந்த ஆள் இரண்டு கையாலும் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காவடி எடுப்பவனைப் போல, வெட்கப்பட்டுக்கொண்டு நடந்தான். திருப்பத்தில் மறைய ஐந்து நிமிடம் ஆயிற்று. 

"போயிருச்சா?"

"நீதானே பாத்த."

"ம்."

"வெள்ளிக்கெழம நீ சொன்னப்ப கூலியச் சொல்றன்னு நெனச்சுட்டேன் மாயாண்டி."

"நிறுவைக்கு நேரமாச்சுன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"கொழுந்து எவ்வளவு நின்னுச்சு?"

"பதினொன்னு."

"கொழுந்துல ஈரம்னு ரெண்டு கழிச்சிருப்பாங்களே?"

"ரெண்டு கழிச்சாங்க."

"அப்ப ஒம்பது கிலோவுக்கா?"

"ஒம்பது கிலோவுக்குத்தான்."

அவன் அதை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பதுபோல் இருந்தான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. "ஒம்பது கிலோ" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னான். பிறகு கேட்டான்:

"வெளிய வந்தா கட்ட மாட்டாங்களா?"

மாட்டார்கள் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பொய்யின் பலனை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

"இங்க இருக்கிறவங்க கட்ட மாட்டாங்க. கயிறு இல்ல. டிக்கோயாவுல என்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஊசி போடலாம். படுக்கச் சொல்லலாம். நான் கூட வருவேன். அது ஒண்ணுதான் எங்கையில இருக்கு."

உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்தது. கவ்வாத்துக் கத்தி, பிடி அவள் பக்கமாக, ஜன்னல் கட்டையில் வந்து படுத்தது. அதை இடது கையால் எடுத்து பிரதாப்பிடம் கொடுத்தாள். பிரதாப் அதைச் சாக்கில் சுற்றி அங்கே நின்ற ஒருவனிடம் கொடுத்து ஸ்டோருக்கு அனுப்பினான். அதற்குப் பிறகும் கதவு திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு தாண்டிவிட்டது. கந்தப்பன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாயாண்டி நடந்து வந்தான். கால் பின்னியது. யாரும் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டாம் என்று மீனம்மா கண்ணைக் காட்டியிருந்தாள். ஆட்டோவில் அவன் நடுவில், நாகலெட்சுமி ஒரு பக்கம், மீனம்மா மறுபக்கம். அவள் பக்கம் வலது தோள் கம்பியில் இடித்தது. ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது.

டிக்கோயா ரோட்டில் வெசாக் தன்சல். வெள்ளைச் சட்டை போட்ட சிங்களப் பையன்கள் கொடியை ஆட்டி வண்டிகளை நிறுத்திக் கோப்பை கோப்பையாக பெலிமல் என்னும் வில்வப்பூத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரதாப் ஒதுக்கிப் போகப் பார்த்தான், விடவில்லை. ஒருவன் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, இரண்டு பெண்களையும் விட்டு, நேராக மாயாண்டியின் முகத்துக்குக் கோப்பையை நீட்டினான்.

"அய்யே, பொன்ன" என்றான். குடிங்க அண்ணே என்று அர்த்தம்.

மாயாண்டி கோப்பையைப் பார்த்தான். பிறகு மீனம்மாவைப் பார்த்தான். "என்னையவா சொல்றான்?"

"ஒங்கிட்டதான் நீட்டுறான்."

"இவனுக்கு நான் தெரியுறேனா?"

 பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பையன் சிரித்துக்கொண்டு கோப்பையை இன்னும் கொஞ்சம் நீட்டினான். மாயாண்டி வாங்கினான். உதடு வெடித்த இடத்தில் பட்டதும் முகத்தைச் சுளித்தான். பாதி குடித்தான். மீதியை நாகலெட்சுமியிடம் கொடுத்து, "இது ஒம்பங்கு" என்றான். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை அழுதாள்.

மிஸ் சொன்னபடி சொல்லிவைத்திருந்தாள். வாசலிலேயே தள்ளுவண்டி வந்தது; அவன் ஏறமாட்டேன் என்றான், சரி நடக்கட்டும் என்று விட்டார்கள். உள்ளே ஒரு நேர்ஸ் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "நம மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "பேரு? பேரு என்னா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் திரும்பக் கேட்டாள்.

மாயாண்டி விரலை மீனம்மாவின் பக்கம் நீட்டினான்.

"இவங்களக் கேளுங்க. எங்கிட்ட இல்ல."

"மாயாண்டி" என்றாள் மீனம்மா.

நேர்ஸ் எழுதினாள். அவன் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுதி முடித்து, பேனா மேலே எழும்பி, கோடு ஏதும் விழாமல் பக்கத்தில் போய்ப் படுக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பிறகுதான் உட்கார்ந்தான்.

சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் வந்து பார்த்து, இரண்டு மூன்று கிழமை வைத்திருக்க வேண்டும் என்றார். நாகலெட்சுமி கூட நின்றாள். நாலு மணிக்கு மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்கள். மீனம்மா கட்டிலருகே போனாள். ஊசியில் அவனுக்குக் கண் சொருகியிருந்தது. சட்டைக் கை மேலே ஏறி, மணிக்கட்டின் வெள்ளைத் தழும்பு தெரிந்தது. அவள் அதை இழுத்துவிட்டாள்.

"போறீங்களாக்கா?"

"போகச் சொல்றாங்க."

"அந்த அரமணி நேரம்?"

"தரணும்" என்றாள்.

"பன்னெண்டுலருந்து ஒண்ணுக்குத்தான் ஆளுங்கள உள்ள விடுறாங்களாம். நாகு சொல்லிச்சு." சொல்லிவிட்டு அப்படியே தூங்கிவிட்டான்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது கந்தப்பன் ரோட்டோரம் நின்றிருந்தார். கையில் அதே செக்ரோல். ஆட்டோ நிற்பதற்குள் ஓடி வந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"வச்சிருக்காங்க. தண்ணி குடிச்சான்."

"வியாழக்கெழம பேர ஏத்திட்டேன் மீனம்மா. நெசமாவே. எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." புத்தகத்தை விரித்துக் காட்டினார். வெட்டின இடத்துக்கு மேலே அழுத்தி எழுதியிருந்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தம். "இனி சரிதானே?"

மீனம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவர் பட்ட கடனைப் பேனாவால் எழுதித் தீர்க்க முடிந்தது. எழுதிவிட்டார்.

காம்பராவுக்கு வந்து உப்பை மறுபடி வறுக்கச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். நாளைக்கும் வெசாக் லீவு. ஆனால் நாளையும் ஃபோன் அவள் கையில். முறை நாளில் வேறு வேலையாகத் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. புதன்கிழமையிலிருந்து மலை. பன்னிரண்டிலிருந்து ஒன்று என்பது நிறுவை நேரம். டிக்கோயாவுக்குப் போய்த் திரும்பினால் அரைப் பேர் போகும். நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து அளவான நோம் குறைந்தால் முழுப் பேரும் போகும். ஞாயிற்றுக்கிழமை போகலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் அது லீவு நாளில் மிஞ்சினதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவன் கேட்டது அதை அல்ல. வேலை நாளில், நிறுவை வரிசையில், கூடை தோளில் இருக்கும்போது கேட்டான்.

மகள் உப்பு முடிச்சைக் கொண்டுவந்து தோளில் வைத்தாள். சுட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்து அரைமணி நேரம். மாயாண்டிக்கு மீனம்மா அதைத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.